இல்லாத ஜன்னலின் வெளிச்சம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று சொல்லாமல் விட்டது: "அந்த ஜன்னல் எங்கே போயிற்று?"

கூட்ட மேசையில் நாலு பேர் இருந்தோம். எங்கள் கட்டடக்கலை அலுவலகத்தை நடத்தும் சார், நாங்கள் மொட்டை என்று கூப்பிடும் என் பக்கத்து இருக்கைக்காரன், நான், அப்புறம் அவர். அவர் என்றால் அக்காவைக் கட்டிக்கொள்ளப் போகிறவர். "அத்தான்னே கூப்பிடு, இன்னும் என்ன தயக்கம்?" என்கிறார். வாயில் வருகிறது. எழுத்தில் வரமாட்டேன் என்கிறது.

கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் குடிபோகப் போகும் வீட்டின் வேலையை எங்களிடமே கொடுத்திருக்கிறார். நம்ம பொண்ணு இருக்கிற இடமாச்சே என்று. சாருக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுவதற்கு முன்பே வீட்டைக் கண்ணுக்குக் காட்டுவது என் வேலை. வரைபடத்தைக் கணினியில் மாடலாக எழுப்பி, அறை அறையாக விளக்கும் வெயிலும் வைத்து, உள்ளே நின்று பார்ப்பது போலப் படம் எடுத்துக் கொடுப்பேன்.

கீழ்த்தளத்தில் தெருவை ஒட்டிய அறை அக்காவுடையது. அவள் பல் டாக்டர். ஒரு பெரிய மருத்துவமனையில் சம்பளத்துக்கு இருக்கிறாள். சொந்தமாக ஒரு க்ளினிக் என்று கல்லூரிக் காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதற்காகத்தான் அந்த அறைக்குத் தெருப்பக்கம் ஒரு கதவு, கதவுக்குப் பக்கத்தில் அகலமான ஜன்னல். போன வாரம் வரை இருந்தன. இன்று வந்த வரைபடத்தில் ஜன்னல் இருந்த இடத்தில் சுவர்.

"தூசி வரும். டாக்டர் ரூம்ல தூசி ஆகுமா?" என்றார். நியாயம்தானே. பிறகு என் பக்கம் திரும்பி, "படத்துல மட்டும் வெளிச்சம் பழையபடியே இருக்கட்டும்மா. அவளுக்கு அந்த வெளிச்சம் ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றார்.

சார் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

மார்ச் 7, வெள்ளி

செய்து கொடுத்துவிட்டேன். கஷ்டமே இல்லை. ஜன்னல் இருந்த இடத்தில், சுவரை ஒட்டி, அதே அளவில் ஒரு விளக்கு. அந்த விளக்கு கேமராவின் கண்ணுக்குத் தெரியாதபடி வைக்க முடியும். அது விடுகிற வெளிச்சம் மட்டும் தெரியும். அதைக் காலை வெயில் மாதிரிக் கொஞ்சம் மஞ்சளாக்கிச் சாய்த்துவிட்டேன். சுவரைப் படத்தின் ஓரத்துக்கு வெளியே தள்ளியாயிற்று. தரையில் விழும் வெயிலைப் பார்ப்பவர்கள், அது வருகிற வழியைத் தாங்களே மனதில் கட்டிக்கொள்வார்கள்.

இந்த மாதிரித் திருட்டுத்தனம் எங்கள் தொழிலில் புதிதில்லை. சின்ன அறை என்றால் கேமராவைச் சுவருக்கு வெளியே நிறுத்தி, அந்தச் சுவரை மறைத்துவிடுவோம். அறை மண்டபம் மாதிரி விரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு உறுத்தியது. மொட்டைதான் சமாதானம் சொன்னான்: "பாஸ்போர்ட் போட்டோவுக்குத் தலை சீவிட்டுப் போறதில்லையா? அது மாதிரிதான். நான் சீவறதில்ல, அது வேற விஷயம்."

சாயங்காலம் அக்கா படத்தைப் போனில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். "ஏய், இந்த வெயிலப் பாரேன்! நேரா என் சேர் மேலயே விழுது. பேஷண்ட் வாயத் தொறந்தா எக்ஸ்ரேயே வேணாம்போல."

சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன்.

மார்ச் 13, வியாழன்

"வீடு எப்படிடி வருது?" என்று அம்மா கேட்டாள். "நல்லா வருது" என்றேன். சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

அவர் இன்று முன்னறிவிப்பில்லாமல் வந்தார். என் திரைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மாடியில், கீழே ஹாலைப் பார்த்தபடி, அவருக்கென்று ஒரு அலுவல் அறை இருக்கிறது. "என் சேர்ல கேமராவ உக்கார வை" என்றார். உட்கார்ந்திருப்பவரின் கண்ணுயரத்துக்கு இறக்கினேன்.

"இங்கேருந்து கிச்சன் தெரியுமா?"

"தெரியாது. நடுவுல சுவர்."

"கண்ணாடி ஆக்கிடலாம். ஹால்?"

"பாதி தெரியும்."

"முழுசும் தெரியணும்னா?"

"தூண நகர்த்தணும்."

"நகர்த்திடலாம். வாசக் கதவு?"

இப்படியே ஒவ்வொன்றாக. அவசரமே இல்லை. கடையில் துணி பார்ப்பவர் போல ஒவ்வொரு அறையாக எடுத்துப் போடச் சொல்லிப் பார்த்தார். கண்ணாடிக்குப் புகை நிறம் கேட்டார், கொடுத்தேன். "தேங்க்ஸ்மா, ரொம்பப் பொறுமை உனக்கு" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டுப் போனார். நான் படித்த கதைகளில் பயப்பட வேண்டிய ஆட்கள் ஏதாவது ஒரு பக்கத்தில் குரலை உயர்த்திவிடுவார்கள். வாசகருக்கு வசதியாக இருக்கும்.

அவர் போன பிறகு கேமராவைத் தூக்கிச் சமையலறையில் நிறுத்தினேன். அக்கா உயரத்துக்கு வைத்து மேலே பார்த்தேன். கண்ணாடி கறுப்பாக இருந்தது. ஹாலிலிருந்து பார்த்தேன், மாடிப்படியிலிருந்து பார்த்தேன், வாசலில் நின்று பார்த்தேன். எங்கிருந்து பார்த்தாலும் அந்த நாற்காலி தெரியவில்லை.

எல்லாரும் தங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கத்தானே ஆசைப்படுவார்கள்? இதில் என்ன?

மார்ச் 25, செவ்வாய்

தெருக்கதவும் போயிற்று. "பொம்பளப் புள்ள தனியா இருக்கற ரூம், தெருவப் பாத்துக் கதவு இருந்தா பாதுகாப்பில்ல" என்றார். இனி க்ளினிக்குக்கு ஹால் வழியாகத்தான் போக வேண்டும். பல்வலிக்காரர்கள் எல்லாரும் ஹால் வழியாகவா வருவார்கள்? யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கொழுக்கட்டையா இருந்தது வாயில்?

ஏப்ரல் 2, புதன்

பல் டாக்டரின் நாற்காலிக்குத் தண்ணீர் வர வேண்டும், வாய் கொப்பளித்த தண்ணீர் போக வேண்டும். அதற்கெல்லாம் தரைக்கு அடியில் குழாய் ஓடும். இன்று புதிய குழாய் வரைபடத்தை மாடலோடு சேர்த்தேன். அக்காவின் அறைக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக் குழாய் வேலைப் பொறியாளருக்குப் போன் செய்தேன்.

"விட்டுப்போகலைங்க. ஓனர் எடுக்கச் சொல்லிட்டார். அது சும்மா ஒரு ரூமாமே."

சும்மா ஒரு ரூம். தெருவுக்குக் கதவில்லை, ஜன்னலில்லை, தண்ணீரில்லை. ஒரே ஒரு கதவு. அது ஹாலில் திறக்கிறது, மாடி நாற்காலியிலிருந்து நன்றாகத் தெரிகிற இடத்தில்.

அக்காவுக்கு மட்டும் அது இன்னும் க்ளினிக். அவளுக்குப் போகிற படத்தில் நாற்காலி இருக்கிறது, வெயில் இருக்கிறது, மேசையில் ஒரு பூச்செடிகூட வைத்திருக்கிறேன். அந்தச் செடி யாரும் கேட்டு வைத்ததில்லை.

அவளிடம் சொல்லலாம். என்ன சொல்வது? உன்னைக் கட்டிக்கப் போறவர் ஜன்னலை எடுத்துட்டார் என்றா? ஒரு வருஷமாகத் தினமும் சாயங்காலம் மருத்துவமனை வாசலில் காத்திருந்து அவளைக் கொண்டுவந்து விடுகிற மனிதர். அப்பா அவரைப் பற்றிப் பேசும்போது முகமே வேறாகிவிடுகிறது. அலுவலகத்தில் எந்த வாடிக்கையாளர் விஷயமும் வெளியே போகக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இப்படிக் காரணங்களை அடுக்கிக்கொண்டே போனால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. பயம். அவ்வளவுதான்.

ஏப்ரல் 5, சனி

காட்டிவிட்டேன்.

அலுவலகம் விடுமுறை. முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது என்று சாரிடம் சாவி வாங்கிக்கொண்டேன். கடைக்குப் போகும் வழியில் என்னைக் கூட்டிப்போக அக்கா வந்தாள். "இரு, உன் ரூமுக்குள்ள நீயே நடந்து பாரு" என்று மவுஸை அவள் கையில் கொடுத்தேன். அவளுக்கு இது பிடிக்கும். சமையலறைக்குள் போய் முட்டிக்கொண்டாள், படியில் ஏறத் தெரியாமல் சுவருக்குள் புகுந்தாள். "இந்த வீட்ல பேய் மாதிரி நடக்கறேன்டி" என்று சிரித்தாள்.

க்ளினிக்குக்குள் வந்தாள். படத்தில் பார்த்த அதே வெயில்.

"இப்போ நான் வச்ச பொய் லைட்டையெல்லாம் எடுக்கறேன்" என்றேன். "உண்மையா என்ன இருக்கோ அது மட்டும் இருக்கும்."

எடுத்தேன்.

"ஏய், மானிட்டர் ஆஃப் ஆயிடுச்சு."

"ஆகலக்கா. இது நடுப்பகல்."

அவள் மவுஸை அசைத்துப் பார்த்தாள். இருட்டு அசைந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்ததில் ஹால் கதவின் இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. அவ்வளவுதான்.

"ஜன்னல் எங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னல், கதவு, குழாய். அவர் சொன்ன காரணங்களையும் அவர் சொன்னபடியே சொன்னேன். மாடி நாற்காலியில் கேமராவை வைத்துக் காட்டினேன். சமையலறை, ஹால், வாசல், க்ளினிக் கதவு, எல்லாம் ஒரே பார்வையில்.

அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். பிறகு, "எத்தன நாளா தெரியும் உனக்கு?" என்றாள்.

"ஒரு மாசம்."

"ஒரு மாசமா எனக்கு வெயில் அனுப்பிட்டிருந்தியா?"

கடைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரு அடி முன்னால் நடந்தாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அவரிடம் கேட்டிருக்கிறாள். அவர் கோபமே படவில்லையாம். "கல்யாணமான புதுசுல எதுக்கு க்ளினிக், ஒரு வருஷம் ரெஸ்ட் எடு, அப்புறம் பாத்துக்கலாம்னு ஒரு சர்ப்ரைஸா வச்சிருந்தேன். உன் தங்கச்சி கெடுத்துட்டா" என்று சிரித்தாராம்.

"பாத்தியா, அவ்ளோதான் விஷயம்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்பது போல.

ஏப்ரல் 9, புதன்

வந்தார். அலுவலகத்தில் எல்லாருக்கும் இனிப்பு வாங்கி வந்திருந்தார். எனக்கு ஒரு துண்டைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

"படம் நல்லா போடற. ஆனா படம் போடறவங்க படத்தோட நிக்கணும்மா. வீடு கட்டறவன் வேற, குடியிருக்கறவன் வேற." குரல் மெத்தென்று இருந்தது. "உன் மேல எனக்குக் கோவம் இல்ல. உங்கப்பாகிட்டக்கூட சொல்லல பாரு."

சொல்லலாம், ஆனால் சொல்லவில்லை என்கிறார். எனக்குப் புரிய வேண்டியது புரிந்தது.

மத்தியானம் சார் கூப்பிட்டார். மாடலை மொட்டையிடம் ஒப்படைக்கச் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமலேயே பேசினார். "குடும்ப விஷயத்த ஆபீசுக்குள்ள கொண்டு வராதம்மா." ஆபீஸ் விஷயத்தைக் குடும்பத்துக்குள் கொண்டுபோனதுதான் குற்றம் என்று திருத்தலாமா என்று பார்த்தேன். விட்டுவிட்டேன்.

மொட்டை மாடலை வாங்கிக்கொண்டு மெதுவாக, "நான் என்ன செய்யணும் சொல்லு" என்றான். அவனுக்கு இரண்டு குழந்தைகள். "சொன்னதச் செய்டா" என்றேன்.

ஏப்ரல் 17, வியாழன்

வீட்டில் தெரிந்துவிட்டது. அக்காதான் சொன்னாள்.

அப்பா: "ஊர்ல கதவு எத்தன, ஜன்னல் எத்தனன்னு எண்ணிப் பாத்தா கல்யாணம் பண்றாங்க? அவன் தூண் மாதிரி புள்ள."

"அந்தத் தூணத்தான்பா நகர்த்தச் சொன்னார்" என்று வாய் தவறி வந்துவிட்டது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, அடக்கி, அப்புறம் அழுதுவிட்டாள். "முப்பத்தி மூணு வயசாகுதுடி அவளுக்கு. நீ சின்னவ, ஒனக்குப் புரியாது."

அப்பா என்னைத் திட்டவில்லை. "உன் கம்ப்யூட்டர்ல தெரியற இருட்டெல்லாம் வாழ்க்கைல வராதும்மா" என்றார். அவர் அதை நம்புகிறார். அந்த இருட்டு எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும்: சூரியன் இருக்கும் திசை, சுவரின் கனம், திறப்பின் அளவு. மென்பொருளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடிக்கவும் பிடிக்காது, பிடிக்காமலும் போகாது.

அக்கா தட்டில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரல் 19, சனி

அக்கா தனியாகக் கட்டட இடத்துக்குப் போயிருக்கிறாள். சுவர் எழும்பிவிட்டதாம். அவள் அறைக்குள் நின்றுகொண்டு அவருக்குப் போன் செய்து வரச் சொல்லியிருக்கிறாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறாள்: க்ளினிக் ஒரு வருஷம் கழிச்சே வரட்டும், தெருக்கதவை மட்டும் இப்பவே வையுங்க.

இதை என்னிடம் சொல்லும்போது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னார்?"

"யாருக்குக் கதவுன்னு கேட்டார்."

"ம்?"

"'யாருக்கும்மா கதவு? நீதான் உள்ள இருக்கப் போறியே'ன்னார். ரொம்பப் பிரியமா சொன்னார்டி. என் தோள்ல கை போட்டுட்டே சொன்னார்." ஒரு சட்டையை மடித்ததையே திரும்ப மடித்தாள். "கல்யாணமே வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் உடம்பு விறைப்பாக இருந்தது. என்னை இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கும் வாயில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

மருத்துவமனை வாசலில் இன்றும் நின்றாராம். ஒன்றும் பேசவில்லையாம். அக்கா பின்வாசல் வழியாக வருகிறாள்.

மே 16, வெள்ளி

நிற்பதை நிறுத்திவிட்டார். அப்பா எங்கள் இருவரிடமும் பேசுவதை நிறுத்தியிருக்கிறார். அம்மாதான் நடுவில் தூது. "அப்பா காபி வேணுமான்னு கேக்கறார்" என்று அடுத்த அறையிலிருந்து வந்து சொல்கிறாள், அவர் இருமுவது எங்களுக்கே கேட்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அந்த வீட்டைப் பற்றி நான் கேட்பதில்லை, மொட்டையும் சொல்வதில்லை. இன்று சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"அவருக்கு வேற இடத்துல முடிவாயிடுச்சு. அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வந்தார். ஆடிட்டர் ஆபீஸ்ல வேலையாம். வீட்லேருந்தே வேலை பாக்க ஒரு ரூம் வேணும்னு கேட்டுச்சு."

"எந்த ரூம்?"

அவன் டப்பாவை ஓரமாகத் தள்ளினான்.

"பிளான் எதாவது மாத்தினாரா?"

"ஒரு செங்கல்கூட மாத்தல. நாற்காலிய எடுத்துட்டு மேச போடச் சொன்னார். படத்துல."

"வெளிச்சம்?"

"உன் லைட்ட நான் தொடல. தொடச் சொல்லல." பிறகு, "நல்லா இருக்குன்னுச்சு அந்தப் பொண்ணு" என்றான்.

அக்காவை வெளியே கொண்டுவந்தபோது, அந்த அறை காலியாகவே கிடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேனா? அப்படித்தான் நினைத்திருக்கிறேன். எவ்வளவு சௌகரியமான நினைப்பு.

ஆகஸ்ட் 21, வியாழன்

அந்தப் பெண்ணைப் பற்றி அக்காவிடம் சொன்னேன். "போ. போய்ச் சொல்லு. இந்தத் தடவ ஒரு மாசம் உக்காந்து யோசிக்காத" என்றாள். குத்தலாகத்தான் சொன்னாள். ஆனால் மதியம் போன் செய்து, "போனியா? நானும் வரட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். தப்பு செய்துவிட்டேனோ. அவள் வந்திருந்தால் அந்தப் பெண் அக்காவின் முகத்தையாவது பார்த்திருப்பாள்.

மொட்டையிடம் விலாசம் கேட்டு வாங்கிப் போய், ஆடிட்டர் அலுவலகத்தின் வரவேற்பறையில் பத்து நிமிஷம் காத்திருந்தேன். என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. சுறுசுறுப்பான நடை, காதில் பென்சில். நான் யார் என்று சொன்னதும் பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். உள்ளே கூட்டிப்போய்த் தன் மேசைக்கு எதிரே உட்காரச் சொன்னாள்.

எல்லாவற்றையும் கோவையாகச் சொல்ல வேண்டும் என்று வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். சொன்னேன். ஜன்னல், கதவு, குழாய், நாற்காலி. அந்தப் படத்தில் இருக்கிற வெயில் நான் வைத்தது, அது பொய் என்றேன்.

அவள் குறுக்கிடாமல் கேட்டாள். முடித்ததும், "டீ குடிக்கிறீங்களா?" என்றாள்.

"நான் சொல்றது..."

"அவர் எல்லாம் சொல்லியிருக்கார். உங்க அக்காவ அவர்தான் வேணாம்னு சொன்னாராமே." அவள் குரலில் ஏளனம் துளியும் இல்லை, இரக்கம்தான் இருந்தது. "தங்கச்சிக்கு அதுல மனசு ஒடஞ்சிருக்கும், ஒரு நாள் ஒன்னத் தேடி வரும், வந்தா கோச்சுக்காத, டீ வாங்கிக் குடுத்து அனுப்புன்னார்."

கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"படத்த நம்பாதீங்க. ஒரு தடவ அந்த எடத்துல போய் நின்னு பாருங்க. பகல்ல."

"போனேனே. லைட் கனெக்‌ஷன் இன்னும் குடுக்கலன்னார். குடுத்ததும் படத்துல இருக்கற மாதிரியே ஆயிடும்னார்."

"லைட்டுக்கு முன்னாடி ஜன்னல் எங்கன்னு கேளுங்க."

ஒரு கணம் அவள் கண் எங்கோ போனது. பென்சில் அசையாமல் நின்றது. அந்த அறையில் நின்று பார்த்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், வந்தது என்று சத்தியம் செய்வேன். அப்போது அவள் போன் மணி அடித்தது. திரையைப் பார்த்தவள் முகம் மலர்ந்தது. "அவர்தான்" என்றாள். "கீழ வந்து நிக்கறாராம்."

பின்வாசல் எது என்று வரவேற்பில் கேட்டுக்கொண்டு இறங்கினேன்.

என் எண்ணை ஒரு தாளில் எழுதி அவள் மேசையில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். அதை அவள் எடுத்தாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

போன் வரவில்லை.

நவம்பர் 8, சனி

அக்கா ஒரு மாடியில் வாடகைக்கு இடம் பிடித்து க்ளினிக் ஆரம்பித்துவிட்டாள். அப்பா நேற்று முதல் முறையாக அங்கே போய்ப் பல்லைக் காட்டிவிட்டு வந்தார். நான் வேறு அலுவலகத்துக்கு மாறி இரண்டு வாரம் ஆகிறது.

அவர்களுக்குப் போன மாதம் கல்யாணம் நடந்தது. புது வீட்டுக்கும் போய்விட்டார்கள். இன்று காலை ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போன் செய்து அந்தப் பெண்ணைக் கேட்டேன். வேலையை விட்டுவிட்டாளாம். பழைய எண் உபயோகத்தில் இல்லை, புது எண் அங்கே யாரிடமும் இல்லை.